பகலில் உறங்கிய ஆஸ்பத்திரி

கிட்ட வாங்க, கண்ணுகளா. கதவோரம் உட்கார்ந்திருக்கிற தாயே, நீயும் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காரு. இன்னும் வராத ஒரு காலத்தில் நடந்த கதை ஒன்று சொல்லப் போகிறேன். வராத காலத்தில் எப்படி நடந்திருக்கும் என்று கேட்காதீர்கள். கவலை எப்போதும் காலத்துக்கு முன்னாலேயே வந்து இடம் பிடித்துக்கொள்ளும், உங்களுக்குத் தெரியாததா? சிரிப்புக் குறைவான கதைதான். ஆனாலும் நடுவில் எழுந்து போகாதீர்கள். உங்களைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுவது என் பொறுப்பு.

தாமிரபரணிக் கரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதற்கு டீன் மங்கையர்க்கரசி. தலை பாதி நரைத்தவள். பட்டுச் சேலை கட்டினாலும் காலில் கேன்வாஸ் ஷூதான். அவள் கணவர் ஆவுடையப்பன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் சரக்குக் கப்பலில் எங்கோ நடுக்கடலில் இருந்தான்.

ஊரே பேசிய அந்தத் தூக்கப் பட்டை இவர்கள் வீட்டு அடுப்படியில்தான் பிறந்தது. கல்யாணமான புதிதில் ஒருநாள், தோசைக்குத் தட்டோடு காத்திருந்த ஆவுடையப்பன் சொன்னார்:

"எங்க பயலுவ கிரவுண்டை நாலு சுத்து சுத்திட்டான்னா ராத்திரி அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குதான். உங்க டாக்டர்மாரு பேயறைஞ்ச மாதிரில்லா அலையுதாவ. ஓடுனவன் ஒடம்புல ஊறுத தூக்கத்தைக் கொஞ்சம் வடிச்சு, இவங்களுக்கு ஊத்தினா என்ன?"

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். மங்கையர்க்கரசி தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு பாதி ஆயுளை அந்த ஒரு கேள்விக்குக் கொடுத்தாள். உடம்பு அசர உழைக்கும்போது ரத்தத்தில் ஒன்று ஊறுகிறது, அதுதான் இரவில் தூக்கத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறது என்று கண்டுபிடித்தாள். சைக்கிள் மிதிப்பவரின் கெண்டைக்காலில் பட்டை கட்டி அதைச் சேகரித்து, இன்னொருவர் பிடரியில் ஒட்டினால் போதும். ஒட்டிக்கொண்டவர் ஓர் இரவு முழுக்கத் தூங்கி எழுந்தவர்போல் ஆகிவிடுவார். கொடுத்தவருக்கு அன்றைக்கு மட்டும் தூக்கம் வராது. மறுநாள் வந்துவிடும். ஆவுடையப்பனின் பழைய மாணவர்கள்தான் ஓடிக் காட்டினார்கள். அவர்கள் தலையில் வயர் ஒட்டி, முந்தின இரவு தூங்கினார்களா என்று பார்த்து, அப்புறம்தான் பட்டை கட்டினாள். எல்லாம் சரியாக வந்தது.

பிறகு காய்ச்சல் வருஷங்கள் வந்தன. டாக்டர்களில் சிலர் இறந்தார்கள், பலர் ஓடிப்போனார்கள். மிஞ்சிய கொஞ்சம் பேர் நின்றபடியே கண்ணயர்ந்தார்கள். ஆபரேஷனுக்குக் காத்திருந்தே ஜனங்கள் சாவதை மங்கையர்க்கரசியால் பார்க்க முடியவில்லை. நோயாளிகளோடு வந்தவர்களைக் கூப்பிட்டுக் கைகூப்பிக் கேட்டாள். உங்கள் ஆளைத் தொடப் போகிற டாக்டருக்கு உங்கள் ஓரிரவுத் தூக்கத்தைத் தருவீர்களா? ரத்தமே கொடுக்கிற ஜனம். தூக்கத்தையா இல்லையென்று சொல்லும்?

இப்படித்தான் ஆஸ்பத்திரி முற்றத்தில் சைக்கிள் ஷெட் வந்தது. தகரக் கூரைக்கடியில் வரிசையாக, நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள்கள். ஏறுமுன் நர்ஸ் இரண்டு கேள்வி கேட்பாள். சாப்பிட்டீர்களா, நேற்று தூங்கினீர்களா. இரண்டுக்கும் ஆமாம் என்றால் பட்டை. வயர் ஒட்டிப் பார்க்க அங்கே யாருக்கு நேரம்?

ஆபரேஷன்கள் பெருகின. மற்ற ஊர்களிலிருந்து டீன்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் திங்கட்கிழமைக் கூட்டத்தில், பிழைத்திருக்க வேண்டியவர்கள் ஏன் இறந்தார்கள் என்று பேசும்போது, மங்கையர்க்கரசிக்குக் கணக்கு உதைக்கும். மருந்தை மாற்றினாள். தையல் போடும் நூலை மாற்றினாள். தியேட்டர் ஏ.சி.யைக் கழற்றி மாட்டினாள். டாக்டர்கள் தூங்கி எழுந்தவர்களாகத்தான் இருந்தார்கள் என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

அந்த நேரத்தில்தான் ஆவுடையப்பன் விழுந்தார். வயிற்றுக்குள் போகிற பெரிய ரத்தக்குழாய் வீங்கிக் கசிந்துகொண்டிருந்தது. மதுரைக்குக் கொண்டுபோகலாம் என்றால் வழியிலேயே வெடித்துவிடும். அந்த ஆபரேஷனைச் செய்யத் தெரிந்தவர் ஆஸ்பத்திரியில் ஒரே ஒருவர், டாக்டர் சங்கரநயினார். அன்று முழுக்க அவர் வேறு இரண்டு உயிர்களோடு தியேட்டரில் இருந்தார். ரத்த அழுத்தத்தை மருந்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஆவுடையப்பனுக்கு மறுநாள் காலை என்று நேரம் குறித்தார்கள்.

காலையில் அவர் நன்றாகத்தான் பேசினார்.

"ஏட்டி மங்கை, எப்போ கூட்டிட்டுப் போவாவ?"

"இன்னும் கொஞ்ச நேரம்தாங்க. நான் போய்ப் பட்டையைக் கட்டிட்டு வந்துருதேன்."

"நீயா சைக்கிள் மிதிக்கப் போற? சீட்டை ஏத்தி வச்சுக்கோ. தாழ இருந்தா முட்டி போயிரும். இம்புட்டு ஆராய்ச்சி பண்ணியும் அதைச் சொல்லிக் குடுக்க நான்தான் வேண்டியிருக்கு."

டீன் என்பதற்காக வேறொருவரை மிதிக்கச் சொல்ல அவள் மனம் ஒப்பவில்லை. ஷெட்டில் நர்ஸ் ஜெபக்கனி அவளைப் பார்த்துக் கூசிப்போய் எழுந்து நின்றாள்.

"உங்ககிட்டப் போய்க் கேக்கணுமா மேடம்?"

"எல்லாருக்கும் கேக்குறதைக் கேளு."

"சாப்டீங்களா மேடம்?"

"சாப்டேன்."

"ராத்திரி தூங்குனீங்களா?"

"நல்லா தூங்குனேன், ஜெபா."

ஜெபக்கனி பட்டையைக் கட்டினாள். மங்கையர்க்கரசி மிதிக்க ஆரம்பித்தாள். சக்கரம் சூடு பிடித்தது. அப்போதுதான், தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

நல்லா தூங்குனேன்.

இரவு முழுக்க ஐ.சி.யூ. பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி இருந்தவள் அவள். வாயில் ஒரு பருக்கை வைத்தது எப்போது என்று ஞாபகமில்லை. பொய் சொல்ல நினைத்தாளா என்றால், இல்லை. அன்பாக ஒருத்தி கேட்டாள், வாய் தானாகப் பதில் சொல்லிவிட்டது.

அவள் கால் நின்றது.

"ஜெபா, தூங்கலைன்னு உன்கிட்ட யாராவது சொல்லியிருக்காங்களா?"

ஜெபக்கனி யோசித்தாள். "ஒருத்தரும் சொன்னதில்லையே மேடம். நம்ம ஆளுங்களுக்கு எம்புட்டு மனத் தெம்புன்னு நானே நெனச்சுக்கிடுவேன்."

பக்கத்துச் சைக்கிளில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருந்தாள் ஒரு பெண். பெயர் இசக்கியம்மாள். குடல் முறுக்கிக்கொண்டு கிடந்த மகள் பேச்சித்தாயோடு வந்தவள். மங்கையர்க்கரசி அவள் பக்கம் திரும்பினாள்.

"நீங்க நேத்து தூங்குனீங்களாம்மா?"

"தூங்குனேன் டாக்டரம்மா."

"எங்க படுத்தீங்க?"

"வராந்தாவுல."

"வராந்தாவுல மழைத் தண்ணியில்லா நின்னுது?"

இசக்கியம்மாள் மிதிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "உக்காந்துதான் இருந்தேன்."

"அப்போ ஏன் தூங்குனேன்னு சொன்னீங்க?"

"நல்லாருக்கே. ஒரு பிள்ள சிரிச்ச மொகமா சாப்டியா, தூங்குனியான்னு கேக்குது. பெத்த மக்க கூடக் கேக்க மாட்டாவ. இல்லைன்னு சொல்லி அது மனசை நோகடிக்கவா? யாரு கேட்டாலும் ஆச்சுன்னுதான சொல்லுவோம். அதுவும் போக, தூங்கலைன்னா சைக்கிள்ல ஏத்த மாட்டீயளே. எம் மகளை யாரு பாப்பா?"

மங்கையர்க்கரசி இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜெபக்கனி பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"என்ன மேடம் செய்யுது?"

"ஜெபா, தூங்கி எழுந்த உடம்புல ஊறுனாத்தான் அது தூக்கம். முழிச்சே கிடந்த உடம்புல ஊறுறது வேற என்னமோ. அது அசதியை மூடி வைக்கும், போக்காது."

"எப்படி மேடம் இப்போ சொல்லுதீங்க?"

"ஆராய்ச்சி தொடங்கின புதுசுல, வயர் ஒட்டிப் பாக்குறதுக்கு முந்தி, ஒரு பையன் இருந்தான். பரீட்சைக்கு விடிய விடியப் படிச்சுட்டு வந்து ஓடுனவன். அவன்கிட்ட வாங்கிக்கிட்டவன் பூ மாதிரி தெளிவா எழுந்து போனான். போற வழியில பஸ்ஸுக்கு முன்னால வண்டியை விட்டுட்டான். ஒரு பையன்தானேன்னு அவனை ஆராய்ச்சியில இருந்தே தள்ளிட்டேன்."

ஜெபக்கனி தியேட்டர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அப்போ நம்ம டாக்டர்மாரெல்லாம்?"

"மாசக்கணக்கா தூங்கலை. அது அவங்களுக்கே தெரியாது."

சங்கரநயினார் தியேட்டர் வாசலில் கை கழுவத் தயாராக நின்றார். ஒல்லியான மனிதர், சிரித்த முகம். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார்.

"பாருங்க மேடம். ஒரு நடுக்கம் உண்டா? நேத்துப் போட்ட பட்டையே இன்னும் தெம்பாத்தான் இருக்கு. சாரை இப்போ ஆபரேஷனுக்கு எடுத்தாத்தான் நல்லது. நேரம் போகப் போக ஆபத்து, உங்களுக்கு நான் சொல்லணுமா?"

கை பாறைபோல நின்றது. அதைப் பார்க்கையில் அவளுக்கு ஆசை வந்தது, கண்ணுகளா. பேசாமல் விட்டுவிடலாம், ஒரு தடவை, இந்த ஒரு தடவை மட்டும். பெண்டாட்டி அல்லவா, ஆசை வராமல் என்ன செய்யும்?

"உங்க சின்ன மக பேரு என்ன டாக்டர்?" என்று கேட்டாள்.

அவர் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார். திறந்தது திறந்தபடி இருந்தது. கண் கூரையைப் பார்த்தது, பிறகு தரையைப் பார்த்தது.

"பெரியவ கோமதி," என்றார். "சின்னவ... இருங்க மேடம். நாக்கு நுனியில இருக்கு."

வரவில்லை. கை மட்டும் இன்னும் நடுங்காமல் நீண்டிருந்தது. அவர் அந்தக் கையையே யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டு சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார்.

"போன வாரம் அந்தப் பையன்," என்றார். "அந்தத் தச்சநல்லூர்ப் பையன். நான் நல்லாத்தான் தச்சேன் மேடம். நல்லாத்தான் தச்சேன்னு நெனச்சேன்."

அவளுக்கு அழ நேரமில்லை. "சாயங்காலம் வரைக்கும் நீங்க படுக்கணும். பட்டை இல்லாம. சொந்தத் தூக்கம்."

"சார் சாயங்காலம் வரைக்கும் தாங்குவாரா?"

அவள் அவர் பிடரியிலிருந்த பட்டையைப் பிய்த்து எடுத்தாள்.

ஷெட்டைப் பூட்டினாள். ஆபரேஷன்களை நிறுத்தினாள். பயிற்சிப் பெண்களையும், வீட்டிலிருந்த பழைய நர்சுகளையும் கூப்பிட்டு வார்டுகளில் நிறுத்திவிட்டு, மற்ற டாக்டர், நர்ஸ் எல்லோரையும் பிடித்துப் படுக்க வைத்தாள். பிடரிப் பட்டையைப் பிய்த்ததும் சிலர் நின்ற இடத்திலேயே துணி மாதிரி மடிந்தார்கள். லிஃப்டுக்குள் ஒருவர், மருந்து அலமாரிக்குக் கீழே ஒருத்தி. நட்டநடுப் பகலில் அந்த ஆஸ்பத்திரி தூங்கியது.

எதிர்த்த தெருவில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. மைக் செட் அலறிக்கொண்டிருந்தது. டீன் அம்மாளே வெயிலில் நடந்துபோய்ப் பந்தலில் நின்றாள்.

"கொஞ்ச நேரம் நிறுத்தணும்ப்பா. உள்ள எல்லாரும் தூங்குறாங்க."

"யாரு, நோயாளியா?"

"டாக்டர்கள்."

பந்தலே சிரித்தது. "ஆத்தாளுக்குப் படிக்கிற பாட்டை நிறுத்திட்டு டாக்டருக்குத் தாலாட்டுப் படிக்கவா?" என்றான் ஒருவன். மைக் செட்டுக்காரர் மட்டும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் எழுந்துபோய் ஒயரைப் பிடுங்கினார்.

திரும்பி வந்தால், படிக்கட்டு நிறைய ஜனம். உடன் வந்தவர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். முன்னால் நின்றவள் இசக்கியம்மாள்.

"ஏன் ஷெட்டைப் பூட்டினீய? எம் மக குடல் முறுக்கிக் கெடக்கா. நான் தூங்கலைன்னு சொன்னதுக்கா இந்தத் தண்டனை?"

"இல்லம்மா. தூங்காத டாக்டர் உங்க மகளைத் தொடக் கூடாது."

"அதுக்குத்தானே நாங்க குடுக்கோம். எடுத்துக்கோங்க, எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கோங்க." அவள் கெண்டைக்காலைக் காட்டினாள். பின்னால் நின்றவர்களும் காட்டினார்கள். "உங்க வீட்டு ஆளா இருந்தா இப்படிப் பூட்டுவீயளா?"

தன் வீட்டு ஆள் மாடியில் கிடக்கிறார் என்று மங்கையர்க்கரசி சொல்லவில்லை. கும்பிட்ட கையோடு அவர்களுக்கு நடுவே நடந்து மேலே போனாள்.

ஐ.சி.யூ.வில் ஆவுடையப்பன் கண்ணை மூடியிருந்தார். அவள் வாசனை தெரிந்ததும் திறந்தார்.

"சீட்டை ஏத்தினியா?"

"ஏத்தினேங்க."

"இன்னும் ஏன் கூப்பிடலை?"

"கூப்பிடுவாங்க. நீங்க அசையாம இருங்க."

அவர் கையைத் தடவிக் கொடுத்தாள். அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அவள் திரும்பத் திரும்ப, இதோ என்றாள். பின்மத்தியானம் அவர் முகம் வேர்த்தது. முதுகு வலிக்கிறது என்றார். ஜெபக்கனி திரையைப் பார்த்தாள்.

"மேடம், சார் பிரஷர் இறங்குது."

ரத்தம் ஏற்றினார்கள், மருந்து ஏற்றினார்கள். மங்கையர்க்கரசி எழுந்து ஓடினாள். சங்கரநயினார் படுத்திருந்த அறை வாசலில் வந்து நின்று தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

உள்ளே குறட்டைச் சத்தம். குழந்தை தூங்குவதுபோல, ஆழத்திலிருந்து வந்தது. இப்போது எழுப்பினால் வருவார். பேசாமல் வந்து கத்தியை எடுப்பார், கை நடுங்காது. அந்தக் கை என்ன செய்யும் என்று அந்தக் கைக்கே தெரியாது. எழுப்பாவிட்டால் ஆவுடையப்பன் போய்விடுவார். எழுப்பினால் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். அதற்குப் பிறகு பேச்சித்தாய்க்கு யார் கை? அவளுக்கு எத்தனையோ படிப்பு இருந்தது. அந்தத் தாழ்ப்பாளுக்கு முன்னால் ஒன்றும் கைகொடுக்கவில்லை.

பின்னாலேயே ஓடிவந்த ஜெபக்கனி அழுதாள். "எழுப்புங்க மேடம். மத்தவங்க கதை வேற. இது உங்க வீட்டுக்காரரு."

மங்கையர்க்கரசி தாழ்ப்பாளை விட்டாள். விட்டது சரியா என்று அவள் அன்றும் அறியவில்லை, என்றும் அறியப் போவதில்லை. திரும்ப நடந்துபோய்க் கணவரின் கட்டிலில் ஏறி, அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கூப்பிட்டாங்களா?" என்றார் அவர்.

"கூப்பிட்டாங்க," என்றாள் அவள்.

அவர் தலையசைத்தார். கொஞ்ச நேரத்தில் மடி கனத்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் சங்கரநயினார் விழித்தார். கண் சிவந்து, முகம் வீங்கி, உடம்பெல்லாம் நோகிறது என்று முனகியபடி எழுந்தார். நிஜமாய்த் தூங்கி எழுந்தவன் முகம் அப்படித்தான் இருக்கும். எழுந்ததும் முதலில் கேட்டது ஆவுடையப்பனைத்தான். ஜெபக்கனி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் வாசற்படியிலேயே நின்று, "என்னை எழுப்பியிருக்கலாமே," என்றார். பிறகு கையைப் பார்த்தார். அது லேசாக நடுங்கியது. நடுங்குவது தெரிந்ததால் அதை எப்படி அடக்குவது என்றும் அவருக்குத் தெரிந்தது. பேச்சித்தாயைத் தியேட்டருக்குக் கொண்டுவரச் சொன்னார்.

அவள் பிழைத்தாள்.

சேதி கேட்டு இசக்கியம்மாள் வராந்தாவுக்கு வந்தாள். டீன் அம்மாள் சுவரில் சாய்ந்து, ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"எம் புள்ள பொழச்சிட்டா," என்றாள் இசக்கியம்மாள். குரலில் கோபம் இன்னும் ஆறவில்லை. "ஆனா மத்தியானமே செஞ்சிருந்தா இம்புட்டு நேரம் துடிச்சிருக்க மாட்டாளே. என்ன மனசோ உங்களுக்கு."

"ஆமா," என்றாள் மங்கையர்க்கரசி.

அவளோடு உட்கார்ந்திருந்த ஜெபக்கனிக்குத்தான் பொறுக்கவில்லை. எழுந்து வந்து இசக்கியம்மாளின் காதோடு எல்லாவற்றையும் சொன்னாள். இசக்கியம்மாள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, எதிரே மண்டியிட்டு, மங்கையர்க்கரசியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். துக்க வீட்டில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொள்வார்களே, அப்படி. "யம்மா, எந் தாயி..." என்று ஓங்கிக் குரலெடுக்க வாயைத் திறந்தாள்.

மங்கையர்க்கரசி அவள் வாயைப் பொத்தினாள்.

"சத்தம் வேண்டாம்மா," என்றாள். "பிள்ளைங்க இன்னும் தூங்குது."

வராந்தாவின் இரண்டு பக்கமும் நர்சுகள் சுருண்டு கிடந்தார்கள். இசக்கியம்மாள் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். இரண்டு பெண்களும் தோளோடு தோள் கோத்து, ஒப்பாரிக்கு ஆடுகிற மாதிரியே முன்னும் பின்னும் ஆடினார்கள். உதடு அசைந்தது, கண்ணீர் இறங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை. தூங்கினவர்களில் ஒருத்தி கூடப் புரண்டு படுக்கவில்லை.

போய் வாங்க, என் கண்ணுகளா. உங்கள் வீட்டில் படுத்தவர்கள் எல்லோரும் நன்றாக உறங்கி எழட்டும். உங்களைத் தொடுகிற கைகள் தூங்கி எழுந்த கைகளாக இருக்கட்டும். உங்கள் வீட்டு வாசலில் யாரும் விழித்துக் காத்திருக்க வேண்டாதபடி, போனவர்கள் எல்லோரும் பொழுதோடு வந்து சேரட்டும்.